மௌனப்படக் காலத்துக் கள்ளர் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி, உப்புவெளி வாசகர் ஒருவர், 2 நவம்பர் 2024

"அண்ணை, நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற அந்தக் கள்ளர் படம், கொலைப் படம் எல்லாம் பாதி யூடியூப்பில் சும்மா கிடக்கிறது. பேச்சும் இல்லை, படம் முழுக்கக் கீறல். இதற்குக் காசு கொடுத்து வெளிநாட்டிலிருந்து றீல் எடுப்பிக்கிற ஆட்கள் அதில் எதைக் காண்கிறார்கள்? மற்றவனிடம் இல்லை என்கிற பெருமை மட்டும்தானே?"

3 நவம்பர்

பெருமை இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. இருக்கிறது. ஆனால் பெருமைதான் வேண்டுமென்றால் முத்திரை சேர்த்திருக்கலாமே தம்பி. முத்திரை மணக்காது, இடம் பிடிக்காது, மனுசியும் ஒன்றும் சொல்லமாட்டா.

அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1912இல் எடுத்த 'தி மஸ்கட்டியர்ஸ் ஒஃப் பிக் அலி' என்னிடம் சுப்பர் 8 பிரதியாக, அதாவது வீட்டில் ஓட்டுகிற சின்னப் பிலிமாக, இருக்கிறது. கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். அதில் கள்ளர் தலைவன் தன் ஆட்களோடு ஒரு மதிலை உரசிக்கொண்டு கமராவை நோக்கி வருகிறான். வந்துகொண்டே இருக்கிறான். கடைசியில் திரையில் இருப்பது அவன் முகம் மட்டும். நடிகரை உச்சி முதல் உள்ளங்கால் வரை காட்டுவதுதான் ஒழுங்கு என்றிருந்த காலம் அது. அந்தக் காட்சிக்காகத்தான் முதலில் வாங்கினேன். பிறகு, திரும்பத் திரும்ப ஓட்டும்போது, கண் அவனை விட்டுப் பின்னால் போகத் தொடங்கிவிட்டது. நியூயோர்க் தெரு. படியில் குந்தியிருக்கிற சனம், கைவண்டி, சுவரிலே காரை பெயர்ந்த இடம்.

புராணப் படத்துக்கு அரண்மனை செட் போதும். பணக்காரக் காதலுக்கு ஒரு சோபா போதும். கள்ளன் ஓடவேண்டும் என்றால் ஒழுங்கை வேண்டும், கூரை வேண்டும், ஏறி விழ வேலி வேண்டும். அதனால் கமரா ஊருக்குள் இறங்கியது. ராவுல் வால்ஷ் 1915இல் எடுத்த 'ரீஜெனரேஷன்' மன்ஹட்டனின் கீழ்ப்பகுதித் தெருக்களில் எடுத்தது, அங்கே இருந்த ஆட்களே பின்னால் நிற்கிறார்கள். அந்தப் படம் 1970கள் வரை அழிந்த படம் என்றுதான் கணக்கு. இப்போது அதை ஓட்டினால் கதை எனக்கு அவ்வளவு வேண்டாம், அந்த முகங்கள் போதும்.

நம்முடைய திருகோணமலை டொக்யார்ட் வீதியால் 1915இல் ஒரு கள்ளன் ஓடி, பின்னால் ஒரு கமராவும் ஓடியிருந்தால் நான் என்ன விலையும் கொடுப்பேன்.

3 நவம்பர், இரவு

என்ன விலையும் என்றால் ஓரளவு விலை.

4 நவம்பர்

நேற்றுச் சொல்ல விட்ட ஒரு கதை. அந்தக் கள்ளர் தலைவனாக வந்தவர் எல்மர் பூத். 1915இல் ஒரு கார் ஓடிவந்து புகையிரத வண்டியோடு மோதியது, பூத் அந்த இடத்திலேயே இறந்துபோனார். காரை ஓட்டியவர் டொட் பிரௌனிங். ஆம், பிறகு நடிகர் லொன் சேனியை வைத்துக் கள்ளர் கதையாக எடுத்துத் தள்ளிய அதே பிரௌனிங்தான். 1920இல் 'அவுட்சைட் த லோ', 1925இல் 'தி அன்ஹோலி த்ரீ'. இரண்டிலும் குற்றம் செய்தவன் அதிலிருந்து எப்படி மீள்வது என்பதுதான் விஷயம். இதற்கும் அந்தக் காருக்கும் முடிச்சுப் போடுவது உங்கள் விருப்பம். நான் போடுவதுண்டு, ஆதாரம் கேட்காதீர்கள்.

6 நவம்பர்

"எல்லாம் யூடியூப்பில் இருக்கிறது" என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் என்றால் எது? 2013இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டேவிட் பியர்ஸின் ஆய்வை வெளியிட்டது. 1912 தொடக்கம் 1929 வரை அங்கே வந்த மௌன முழுநீளப் படங்கள் 10,919. வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுதாக இருப்பவை 1,575. நூற்றுக்கு 14 வீதம். இன்னொரு 11 வீதம் வெளிநாட்டுப் பதிப்பாகவோ 16, 28 மி.மீ. சின்னப் பிரதியாகவோ தப்பியிருக்கிறது. மிச்சத்தில் ஒரு சிறு பங்கு துண்டு துண்டாகக் கிடக்கிறது, மற்றவை போனது போனதுதான்.

எப்படிப் போனது? 1937 ஜூலையில் நியூஜெர்சியில் ஃபொக்ஸ் கம்பனியின் கிடங்கு எரிந்தது, நல்ல வெக்கைக் காலம், அந்தக் காலத்துப் பிலிமான நைட்ரேட் றீல் தானாகவே பற்றிக்கொண்டது. அது தண்ணீருக்குள்ளும் எரியும், எரியத் தேவையான ஒட்சிசன் அதற்குள்ளேயே இருக்கிறது. 1948இல் யூனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப்பட நெகட்டிவ்களைத் தானே அழித்தது. இன்னும் கனக்க றீல்களை அதிலிருந்த வெள்ளியை எடுப்பதற்காகக் கரைத்தார்கள். பேசும்படம் வந்த பிறகு பேசாத படத்துக்கு யாரும் ரிக்கற் வாங்கமாட்டார்கள், கிடங்கு வாடகைதான் மிச்சம். அந்தக் கணக்கில் கள்ளர் படத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? ஒரு கிழமை ஓட்டிவிட்டு எறிகிற சாமான்.

தப்பியதில் சேகரிப்பாளர் பங்கு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 1922 கடைசியில் பத்தே கம்பனி 9.5 மி.மீ. வீட்டுப் படக்கருவியைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு கொடக்கின் 16 மி.மீ. வந்தது. இரண்டும் பற்றி எரியாத பிலிம். வீட்டில் போட்டுப் பார்க்கவென்று பெரிய படங்களைச் சுருக்கி விற்றார்கள். மூலப்பிரதி சாம்பலான பிறகு யாரோ ஒரு வீட்டு அலுமாரியில் இருந்த அந்தச் சுருக்கம்தான் படமாகிவிட்டது.

7 நவம்பர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: "தெரு, தெரு என்கிறீர்கள். ஃபிரிட்ஸ் லாங்கின் 'டொக்டர் மபூசே' ஸ்டூடியோவுக்குள் எடுத்தது. ஸ்டேர்ன்பேர்க்கின் 'அண்டர்வேர்ல்ட்'டும் பெரும்பாலும் செட். அவற்றுக்கும் ஆட்கள் அடிபடுகிறார்களே?"

நல்ல கேள்வி. தெரு என்னுடைய காரணம், எல்லோருடைய காரணமும் அதுவாக இருக்கத் தேவையில்லை. 'அண்டர்வேர்ல்ட்'டை (1927) எதற்காகத் திரும்பப் பார்க்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பேசும்படத்தில் கள்ளன் வாயைத் திறந்து தன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறான். சின்ன வயதில் அப்பா அடித்தார், ஊர் ஒதுக்கியது என்று ஒரு பிரசங்கம். நம்முடைய தமிழ்ப் படத்தில் அதற்கு மழையும் பெய்யும். மௌனப்படக் கள்ளனுக்கு அந்த வசதி கிடையாது. இடையில் வருகிற எழுத்து அட்டையில் இரண்டு வரி, அவ்வளவுதான். மிச்சத்தை முகத்தில்தான் காட்டவேண்டும். ஜோர்ஜ் பான்க்ரொஃப்ட் அந்தப் படத்தில் விட்டுவிட்டுச் சிரிக்கிறார், பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க. சத்தம் கேட்காத அந்தச் சிரிப்பில் இவன் நல்லவனா கெட்டவனா என்று கடைசி வரை பிடிபடாது.

கதை எழுதிய பென் ஹெக்ட் சிக்காகோ பத்திரிகைக்காரர். படத்தைப் பார்த்துவிட்டுத் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார் என்று சொல்வார்கள். 1929இல் முதலாவது ஒஸ்கார் விழாவில் அந்தக் கதைக்குத்தான் அவருக்கு விருது. திருப்பிக் கொடுக்கவில்லை.

மபூசே பற்றி: இரண்டு பாகம், சேர்த்தால் நாலரை மணித்தியாலம். ஒரே இருப்பில் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், கழுத்து இன்னும் சொல்கிறது.

9 நவம்பர்

"அந்தப் படங்களில் எல்லோரும் துள்ளித் துள்ளி நடப்பது ஏன்? அப்போது கமரா அப்படியா?" என்று கேட்ட தங்கச்சிக்கு.

கமரா நல்லாகத்தான் எடுத்தது. ஓட்டுகிறவர்கள்தான் அவசரப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் கையால் சுழற்றி எடுத்தார்கள், ஒரு விநாடிக்கு 16 படச்சட்டம் என்று சிலது, 20, 22 என்று சிலது. பேசும்படம் வந்தபோது வேகத்தை 24இல் நிறுத்திவிட்டார்கள். 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் பொலிசும் கள்ளனும் ஒருமிக்கக் கோமாளியாகிவிடுவார்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கத்தி எடுக்கிறவனுடைய கை நடுங்குவது தெரியும்.

எல்லா மௌனப்படமும் 16 என்று கீழே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லை. 1920களின் முடிவில் எடுத்தவை 24க்குக் கிட்ட வந்துவிட்டன, அவற்றை 16இல் ஓட்டினால் எல்லோரும் சேற்றுக்குள் நடப்பார்கள்.

13 நவம்பர்

அனுபவம் கேட்டவர்களுக்கு ஒன்று. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் 16 மி.மீ. துப்பறியும் படம் ஒன்று எடுத்தேன். 1920களின் கடைசிப் படம். விளம்பரத்தில் "முழுமையானது, நான்கு றீல்" என்று இருந்தது. தபாலில் வந்த பெட்டியில் நான்கு தகரம் இருந்தது உண்மை. நான்காவது தகரத்துக்குள் வேறு ஏதோ படத்தின் குதிரைப் பந்தயம். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. பெயரைப் போடப்போவதில்லை, கடைசியில் அந்த மனிதர் எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டார்.

ஏனென்றால் அந்தப் படத்தை நான் முடிவில்லாமல்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கொலைசெய்யப்பட்டுக் கிடக்கிறார், சந்தேகத்துக்கு ஐந்து பேர், மூன்றாவது றீல் ஒரு கதவு மெல்லத் திறப்பதோடு நிற்கிறது. கதவுக்குப் பின்னால் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது, பழைய சினிமாப் பத்திரிகைகளில் கதைச்சுருக்கம் போட்டிருப்பார்கள். தேடவில்லை. வீட்டில் போட்டுக் காட்டியபோது ஒவ்வொருவரும் ஒவ்வொருவரைச் சொன்னார்கள். என் மாமி மட்டும் "செத்தவரே சாகவில்லை" என்றா. இன்றுவரைக்கும் அதுதான் சிறந்த முடிவு.

15 நவம்பர்

பாருங்கள், முழுப்படத்துக்குக் காசு கொடுத்துவிட்டு முக்கால் படத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். வியாபாரிகள் இதைப் படிக்கக்கூடாது.

18 நவம்பர்

முதல் கேள்விக்கு, அந்தப் பெருமை விஷயத்துக்கு, திரும்ப வருகிறேன். இரண்டு உதாரணம்.

ஒன்று: பிரௌனிங்கின் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927). ஸ்கொட்லண்ட் யார்ட்காரர் ஒருவர் பேய்வேடம் போட்டுக் கொலைகாரனைப் பிடிக்கிற கதை. தெரிந்த கடைசிப் பிரதி 1960களில் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போனது. படம் இல்லை. அதன் சுவரொட்டி ஒன்று 2014இல் ஏலத்தில் 4,78,000 டொலருக்குப் போனது. காகிதம்! அந்தக் காசில் எத்தனை நல்ல படத்தைப் பழுதுபார்க்கலாம். இதைத்தான் பெருமை என்பேன், இதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

இரண்டு: வில்லியம் ஜில்லெட் 1916இல் நடித்த 'ஷெர்லொக் ஹோம்ஸ்'. மேடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை ஹோம்ஸாக வந்தவர், படத்தில் அந்த வேடம் போட்டது இது ஒன்றில்தான். ஒரு நூற்றாண்டு கிட்டத் தொலைந்திருந்து, 2014இல் பாரிஸில் சினமத்தேக் பிரான்சேஸ் காப்பகத்திலேயே கிடைத்தது, பிரெஞ்சு எழுத்து அட்டைகளோடு. அடுத்த ஆண்டு பழுதுபார்த்துத் திரையிட்டார்கள். நானும் வட்டு வாங்கிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், தொலைந்திருந்தபோது அது இன்னும் நல்ல படம். ஆட்கள் மேடையில் நிற்பது மாதிரியே நிற்கிறார்கள். ஆனால் ஜில்லெட் சுருட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா ஒரு மனிதனை ஏற இறங்கப் பார்ப்பார் பாருங்கள். ஒரு விரலும் அசையாது. அதற்காக மன்னிக்கலாம்.

ஆக, அரிது என்பது ஒரு படத்தைத் தேட வைக்கும். கிடைத்த பிறகு இரண்டாம் தடவை பார்க்க வைக்காது.

22 நவம்பர்

"பிரிட்டிஷ் நேவி 1957 வரைக்கும் இங்கே இருந்ததே, ஏதாவது றீலை விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டானா? சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்குள் பார்த்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிரிப்பாக இருந்தாலும் யோசனை பிழையில்லை. தொலைந்த படங்கள் பல இப்படியான கடைசி ஊர்களில்தான் கிடைத்தன. கனடாவில் டோசன் சிட்டி. படம் அங்கே வந்து சேரும்போதே பழசு, திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டாது. மூடிய நீச்சல் தடாகமொன்றுக்குள் போட்டுப் புதைத்தார்கள். 1978இல் மண்ணைத் தோண்டியபோது 500க்கு மேற்பட்ட றீல். நியூசிலாந்தும் அப்படித்தான், ஹிட்ச்கொக் உதவி இயக்குநராக இருந்த 1924ஆம் ஆண்டுப் படமொன்றின் மூன்று றீல் அங்கேயிருந்துதான் 2011இல் வெளிவந்தது. திருகோணமலையும் ஒரு பாதையின் முடிவுதான்.

ஆனால் டோசனில் நிலம் உறைந்து கிடந்தது. இங்கே? சித்திரை மாதம் சீனன்குடாத் தாங்கிக்குள் நீங்களே ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள், பிறகு றீலைப் பற்றிப் பேசுவோம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வேறு குண்டு போட்டிருக்கிறான்.

இலங்கையின் முதல் கதைப்படமே எரிந்துபோனது. 1925இல் எடுத்த 'ராஜகீய விக்கிரமய', கதாநாயகன் என். எம். பெரேரா, பிறகு நிதி அமைச்சராக இருந்த அதே என். எம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடி, இங்கே காட்டுவதற்கு முன்னம் பிரதி எரிந்துவிட்டது. இந்த நாட்டுச் சனம் பார்க்காத இந்த நாட்டின் முதல் படம்.

23 நவம்பர்

தமிழரிடம் குற்றப்படப் பாரம்பரியம் இல்லை என்றவருக்கு ஒரு வார்த்தை. நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்'. வேலைக்கு நின்ற பெண்ணைப் பெரிய இடத்து ஆள் தொந்தரவு செய்கிறான், அவள் இருட்டில் வா என்று சொல்லி வைக்கிறாள், அவளுடைய இடத்தில் இன்னொருவன் காத்திருக்கிறான், விடியும்போது பிணம். மகாபாரதம் என்று எழுதி ஒட்டியபடியால் பக்திப் படமாகிவிட்டது! அதுவும் இல்லை, ஒரு றீல்கூட.

27 நவம்பர்

மழை விடவில்லை, கரண்ட் வந்து வந்து போகிறது. றீல் பெட்டிகளைத் தரையிலிருந்து கட்டிலுக்கு ஏற்றியாயிற்று. நான் பாயில்.

ஒரு பெட்டியில் வினாகிரி மணம். அந்தத் துப்பறியும் படம்தான், முதலாம் றீல். நைட்ரேட் எரியும் என்றால், 16 மி.மீ. றீலின் இந்த அசிட்டேட் பிலிம் புளிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பிலிம் அசட்டிக் அமிலத்தை விடத் தொடங்கும், அந்த அமிலமே மேலும் புளிக்க வைக்கும். பிறகு சுருங்கும், வளையும், புரொஜெக்டரின் பல்லில் உட்காராது. நிறுத்த முடியாது. குளிரில் வைத்தால் இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். பிரிட்ஜில் வைக்கலாமா என்று மனுசியிடம் கேட்டேன். "பாரை மீன் மணம் படத்துக்கு வருமா, படத்து மணம் மீனுக்கு வருமா?" என்று திருப்பிக் கேட்டா. நியாயமான கேள்வி.

பெட்டிக்குள் அரிசி போடச் சொன்னவருக்கு: வேண்டாம். தூசியும் வண்டும் வரும். சிலிக்கா ஜெல் போடுங்கள், மூடியை இறுக்கி அடைக்காதீர்கள்.

2 டிசம்பர்

மழைக்குள் மடிக்கணினியில் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டிராக்நெட் கேர்ள்' (1933) பார்த்தேன். உலகமே பேசத் தொடங்கிய பிறகும் ஜப்பானில் மௌனப்படம் ஓடிக்கொண்டிருந்தது, திரைக்குப் பக்கத்தில் இருந்து கதை சொல்கிற பென்ஷிகளுக்கு ஊரில் அவ்வளவு செல்வாக்கு. பிற்காலத்தில் குடும்பக் கதையாக எடுத்த ஓசு, இதில் ஒரு தட்டச்சுக்காரியையும் அவளுடைய ரவுடிக் காதலனையும் வைத்து எடுத்திருக்கிறார். தட்டச்சுக்காரியாக வருகிற கினுயோ தனாகா துவக்கைப் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். சுடத் தெரியாதவள், ஆனால் சுட்டுவிடுவாள் என்று தெரிகிறது. 7ஆம் திகதி முகம் பற்றி எழுதியதற்கு பான்க்ரொஃப்டை விட இது நல்ல சாட்சி.

5 டிசம்பர்

"சேகரிப்பாளர்கள் ஒளித்து வைத்தால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பது?" இந்த இழையில் வந்த கடினமான கேள்வி இதுதான்.

ஹோவர்ட் ஹியூஸ் தயாரித்து லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த 'தி ராக்கெட்' (1928), முதலாவது ஒஸ்காரில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட கள்ளர் படம், கனகாலம் இல்லை என்றே நினைத்தார்கள். ஹியூஸ் செத்த பிறகு அவருடைய சொந்தச் சேகரிப்புக்குள் இருந்தது. ஒருவருக்கும் காட்டாத மனிதர் வைத்திருந்தபடியால்தான் தப்பியது. வைத்திருந்தபடியால்தான் அத்தனை வருடம் ஒருவரும் பார்க்கவும் இல்லை. இரண்டும் உண்மை, எதைக் கூட்டி எதைக் கழிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கள் ஆட்களில் தங்களிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலைக்கூட வெளியே விடாதவர்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. என்னுடைய பட்டியல் கேட்டவருக்கெல்லாம் போயிருக்கிறது, யாரும் கொள்ளையடிக்க வரவில்லை. இருப்பதைப் பார்த்தால் வரவும் மாட்டார்கள்.

8 டிசம்பர்

எதில் தொடங்குவது என்று கேட்ட மூவருக்கும் சேர்த்து: பிரெஞ்சு இயக்குநர் ஃபொயாட்டின் 'லே வம்பீர்' (1915-16). பத்துப் பாகம், நாளுக்கொரு பாகம் பாருங்கள். யுத்தகாலப் பாரிஸ், ஆண்களெல்லாம் போர்முனையில், தெருக்களில் ஈ காக்கை இல்லை. அதற்குள் நடிகை மியூசிடோரா கறுப்பு உடுப்போடு கூரை மேல் ஓடுவா. பிடித்தால் 'அண்டர்வேர்ல்ட்'. பிடிக்காவிட்டால் வேறு பொழுதுபோக்குத் தேடுங்கள், மனவருத்தம் இல்லை.

வினாகிரி மணக்கிற றீலை விலைக்குக் கேட்ட மட்டக்களப்புத் தம்பிக்கு: தரமாட்டேன். விலைக்காக இல்லை. அந்த அமிலம் உங்களிடம் இருக்கிற நல்ல றீல்களுக்கும் பரவும். மழை விட்டதும் மூன்றையும் டிஜிட்டல் ஆக்கக் கொடுக்கப்போகிறேன், பிரதி எல்லோருக்கும் வரும். நான்காவது தகரத்துக் குதிரைப் பந்தயத்தையும் சேர்த்து அனுப்பவா என்று முதலே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள்.